எழுதாமல் விட்ட அறைகள்

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நண்பர்கள். நடுவில் பகடைகள், பென்சில்கள், ஒரு தட்டு முறுக்கு. என் கையில் கனமான ஒரு சாகசப் புத்தகம். கதையில் அவர்கள் ஒரு பழைய மாளிகையின் கூடத்துக்குள் நுழைகிறார்கள். "உள்ளே என்ன தெரிகிறது?" என்று கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். கம்பளத்தின் வண்ணம், அதை நெய்தவரின் வரலாறு, சுவரில் தொங்கும் படத்தில் இருக்கும் பெரியவர், அவருக்கும் தம்பிக்கும் நடந்த சொத்துச் சண்டை. ஒருவர் படத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார். இன்னொருவர் கம்பளத்தைச் சுருட்டினார். கால் மணி நேரம் இப்படிப் போயிற்று. பிறகு பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது பத்தியின் கடைசி வரியில் எழுதியிருந்தது: கூடத்தின் நடுவே ஆயுதம் ஏந்திய ஆறு காவலர்கள் நிற்கிறார்கள்.

"இருங்கள், ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று" என்றேன். நான்கு பேருடைய மனதிலும் எழுந்து நின்ற மாளிகை அந்த நொடியில் சரிந்தது. அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அந்தப் புத்தகத்தை முந்தைய இரவு படுத்தபடி படித்தபோது மிகவும் ரசித்திருந்தேன். நாவலில் காவலர்களைக் கடைசி வரியில் காட்டுவது அழகுதான். ஆனால் வாணலியில் எண்ணெய் காயும்போது சமையல் குறிப்பைப் புரட்டுகிறவருக்குக் கடுகு எவ்வளவு, எப்போது என்பது பார்த்தவுடன் கண்ணில் பட வேண்டும். அன்றைய இரவிலிருந்து இந்த எழுத்து வகையை ஒரு தனிக் கலையாகப் படிக்கத் தொடங்கினேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் தவிர மற்ற எல்லோரும் ஆளுக்கொரு கதாபாத்திரம். அந்த ஒருவர் உலகத்தைச் சொல்பவர், ஆட்டத்தை நடத்துபவர். அவர் ஒரு சூழலைச் சொல்கிறார். மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறார்கள். சந்தேகம் வரும் இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இப்படித்தான் தொடங்கியது. அந்தப் பெட்டிக்குள் விதிகள் இருந்தன. எங்கே போவது, யாரைச் சந்திப்பது என்பதையெல்லாம் நடத்துபவரே இரவு உட்கார்ந்து வரைந்துகொள்ள வேண்டும். பிறர் வரைந்த நிலவறையைக் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் அதற்குப் பின்தான் வந்தது. 1975-ல் ஆர்னெசன் தம் 'பிளாக்மூர்' துணைநூலுக்குள் தவளைக் கோயில் ஒன்றை வைத்தார். அடுத்த ஆண்டு 'வீ வாரியர்ஸ்' என்ற சிறு பதிப்பகம் 'பேலஸ் ஆஃப் தி வாம்பயர் குவீன்' என்பதைத் தனி வெளியீடாகவே கொண்டுவந்தது. அதன் அறைகள் பெரும்பாலும் அட்டவணையாகவே இருந்தன: அறை எண், அதில் என்ன உயிர், என்ன பொருள். ஏழ்மையான எழுத்து என்று அதைப் பலர் ஒதுக்கினார்கள். அந்த அட்டவணைக்குத் திரும்பி வர இந்தத் துறைக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

இந்தத் துறையின் வரலாறு முழுக்க ஒரே இழுபறி: எழுதுகிறவர் எவ்வளவு எழுத வேண்டும், மேசையில் இருப்பவர்களுக்கு எவ்வளவு விட வேண்டும்? என் மனதைத் தொட்ட புதுமைகள் எல்லாம், எழுதியவர் துணிந்து கையை எடுத்த இடத்தில்தான் பிறந்தன.

1978-ல் அந்த விளையாட்டின் பதிப்பகமான 'டிஎஸ்ஆர்' நிறுவனம் கைகாக்ஸின் சாகசங்களைச் சிறு பிரசுரங்களாக அச்சிட்டது. விளையாட்டு மாநாட்டுப் போட்டிகளுக்காக உருவானவை அவற்றில் உண்டு. அட்டை தனியே கழன்று வரும். வரைபடம் அதன் உட்புறத்தில் இருக்கும். அட்டையை மேசை மேல் நிறுத்தினால் வரைபடம் நடத்துபவர் பக்கம், ஓவியம் ஆடுகிறவர்கள் பக்கம். புத்தகத்தை ஒரு கருவியாக நினைத்த முதல் வேலைகளில் இதுவும் ஒன்று என்பேன். அதே ஆண்டு வந்த 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கல்லறைச் சாகசத்தில் ஆடுகிறவர்களுக்குக் காட்ட மட்டுமே ஒரு படத்தொகுப்பு சேர்ந்து வந்தது. சுவரில் வாய் பிளந்து நிற்கும் பச்சைப் பிசாசு முகத்தை வார்த்தையில் விளக்க வேண்டியதில்லை. தூக்கிக் காட்டினால் போதும். உள்ளே கையை விடலாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

போட்டி என்று வந்தபோது எல்லா மேசைகளுக்கும் ஒரே விவரிப்பு போய்ச் சேர வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் மதிப்பெண் நியாயமாக இருக்காது. அதனால் கட்டம் கட்டிய வாசகம் வந்தது. அறைக்குள் நுழைந்ததும் இதை உரக்கப் படியுங்கள் என்ற ஏற்பாடு. தேவையில் பிறந்த நல்ல கருவி. போட்டி முடிந்த பிறகும் கட்டங்கள் ஒட்டிக்கொண்டன, வளர்ந்தன, எழுத்தாளர்கள் தங்கள் இலக்கிய ஆசையை அதற்குள் தீர்த்துக்கொண்டார்கள். என் மாளிகைக் கூடத்துக் கம்பளம் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

அதே காலத்தில் மைக் கார் எழுதிய 'இன் சர்ச் ஆஃப் தி அன்னோன்' வெளிவந்தது. இன்றைக்கும் என்னை வியக்கவைக்கும் புத்தகம் இது. புதிதாக ஆட்டம் நடத்தக் கற்றுக்கொள்பவருக்காக எழுதியது. ரோகான் என்ற வீரனும் ஸெல்லிகர் என்ற மந்திரவாதியும் கட்டி, கைவிட்டுப்போன குகைக்கோட்டை. அறைகள் வரிசையாக வருகின்றன. சமையலறை, நூலகம், குளங்கள் நிறைந்த ஒரு விந்தை அறை. ஒரு குளத்தில் மது, இன்னொன்றில் அமிலம். எல்லாவற்றுக்கும் விவரிப்பு உண்டு. ஆனால் அறைக்குறிப்பின் முடிவில், இங்கே இருக்கும் உயிர் எது, புதையல் எது என்று கேட்டு வெற்றுக் கோடு விட்டிருக்கிறார்கள். பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. அதிலிருந்து பொறுக்கி நீங்களே நிரப்ப வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் வெற்றிடமா என்று கோபப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அந்தக் கோடுகள் கற்றுக்கொடுத்ததை எந்த விளக்கவுரையும் கற்றுக்கொடுக்காது. சமையலறையில் எலிகளை வைப்பதா, பசியோடு ஒளிந்திருக்கும் கொள்ளையனை வைப்பதா? எலி என்றால் அது வெறும் தடை. கொள்ளையன் என்றால் பேச்சு நடக்கும், பேரம் நடக்கும், பக்கத்து அறையைப் பற்றி அவன் பொய்யும் சொல்வான். ஒரு வெற்றுக் கோட்டின் முன் பென்சிலோடு உட்கார்ந்த சிறுவன் இதையெல்லாம் யோசித்தாக வேண்டும். நண்பர் ஒருவர் அந்தப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றை எனக்குக் காட்டினார். முன்பு வைத்திருந்த யாரோ ஒரு பிள்ளை கோடுகளை நிரப்பி, அழித்து, மறுபடி நிரப்பியிருந்தது. தாள் தேய்ந்து மெலிந்திருந்தது. அந்தப் பக்கத்தை வெகுநேரம் விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

வெற்றிடத்தைச் சொற்களில் விட்டவர் கார். அதை வரைபடத்தில் விட்டவர் ஜெனல் ஜக்கேஸ். இல்லினாய் மாநிலத்தின் 'ஜட்ஜஸ் கில்ட்' பதிப்பகத்துக்காக 1979-ல் அவர் உருவாக்கிய 'கேவர்ன்ஸ் ஆஃப் த்ரேசியா' பல அடுக்குக் குகை. அன்றைய பல நிலவறைகள் ரயில் பெட்டிகளைப் போல இருந்தன: ஒன்றிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. த்ரேசியாவுக்குள் நுழைய ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள். உள்ளே போன பாதை வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வேறு பக்கமாகத் திரும்பி வரும். ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கப் படிகள் உண்டு, பிளவுகள் உண்டு, மறைவழிகள் உண்டு. சில வழிகள் நடுவில் ஒரு அடுக்கையே தாண்டிவிடும். அங்கே வாழும் கூட்டங்களுக்குள்ளும் பகை: பல்லி மனிதர்கள், காளைத்தலை அரசனின் படை, மரண தெய்வத்தை வணங்கும் ஒரு குழு.

இதனால் மேசையில் என்ன மாறுகிறது? நேர்ப்பாதை நிலவறையில் கதவருகே பலசாலி எதிரி இருந்தால் இரண்டே வழி: சண்டை, அல்லது வீட்டுக்குத் திரும்புவது. வளையப் பாதையில் சுற்றிப்போய்ப் பின்னாலிருந்து வரலாம். ஒரு கூட்டத்தை இன்னொன்றின் மேல் ஏவலாம். தப்பி ஓடும்போது தெரியாத வழியில் விழுந்து அதைவிடப் பெரிய வம்பில் மாட்டலாம். அடுத்து என்ன நடக்கும் என்பது நடத்துபவருக்கே தெரியாது. ஜக்கேஸ் ஒரு கதையையும் எழுதவில்லை. கதைகள் நடக்கத் தோதான மண்ணை உழுது கொடுத்தார். பிற்காலத்தில் கணினி விளையாட்டுத் துறைக்குப் போய் 'குவேக்' விளையாட்டுகளுக்குக் களங்கள் வடிவமைத்தார். 2024 ஜனவரியில் மறைந்தார். வரைபடம் என்பது இடத்தைக் காட்டும் படம் என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு, அதுவே ஒரு கதைசொல்லும் முறை என்று உணர்த்தியவர் அவர்.

அடுத்த பெரிய திருப்பம் 1983. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதிய 'ரேவன்லாஃப்ட்'. ஒரு ரத்தக்காட்டேரிப் பிரபுவின் கோட்டை. இந்தத் தம்பதி ஒவ்வோர் ஆண்டும் ஹாலோவீன் நாளில் நண்பர்களோடு இதை ஆடிப் பார்த்துத் தீட்டியிருந்தார்கள். எதிரியை வெறும் எண்களாக வைக்காமல் ஆசையும் துயரமும் உள்ள மனிதனாக வைத்தது ஒரு புதுமை. அதைப் பலரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது சீட்டுக்கட்டு. ஆட்டத்தில் ஒரு குறி சொல்லும் கிழவி வருகிறாள். நடத்துபவர் சாதாரணச் சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் நிஜமாகவே விரிக்கிறார். விழும் சீட்டுகளைப் பொறுத்து மந்திர வாள் எங்கே ஒளிந்திருக்கிறது, கடைசியில் பிரபுவை எங்கே சந்திப்பீர்கள், இந்த முறை அவன் மனதில் இருக்கும் திட்டம்தான் என்ன என்பதெல்லாம் முடிவாகின்றன. ஆடுகிறவர்களுக்கு அது குறி. நடத்துபவருக்கு அதுவே சாகசத்தை அடுக்கும் வேலை. கதைக்குள் நடக்கும் சடங்கும் விதிமுறையும் ஒரே செயலாகிவிட்டன. 32 பக்கப் புத்தகம் ஒவ்வொரு முறையும் வேறு புத்தகமாகிறது. கோட்டையின் வரைபடமும் அப்படியே: டேவிட் சதர்லேண்ட் அதைச் சாய்கோணத்தில், கோபுரமும் படிக்கட்டும் உயரத்தோடு தெரியும்படி வரைந்தார். எந்தப் படி எந்தக் கூரைக்கு ஏறுகிறது என்று பார்த்தாலே தெரியும்.

வருத்தம் என்னவென்றால், வெற்றி பெற்ற புத்தகத்திலிருந்து பலர் கற்றது சீட்டுக்கட்டை அல்ல, கதையைத்தான். 1984-ல் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' வரிசை நாவல்களோடு கைகோத்து வந்தது. முக்கியப் பாத்திரங்கள் நடுவில் இறந்துவிடக் கூடாது என்பதற்காக, உடல் கிடைக்காதபடி மறைந்துபோகச் செய்து பிறகு திரும்பக் கொண்டுவரும் விதியே அதில் இருந்தது. அந்த உலகத்தின் மேல் லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கும் பாசத்தை மதிக்கிறேன். ஆனாலும் ஆடுகிறவர் எதைச் செய்தாலும் தண்டவாளம் ஒரே ஊருக்குத்தான் போகும் என்றால், பகடை எதற்கு?

அதே 1984-ல் இதற்கு ஒரு மறுமொழியும் வந்தது. 'கால் ஆஃப் கதுலு' என்ற திகில் விளையாட்டுக்காக லாரி டிடிலியோவும் லின் வில்லிஸும் எழுதிய 'மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோடெப்'. 1925-ல் நியூயார்க் ஓட்டல் அறையில் ஒரு நண்பர் கொல்லப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற தடயங்கள் லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று நான்கு திசைக்கும் இழுக்கின்றன. எந்த வரிசையில் போவது என்பது ஆடுகிறவர்கள் முடிவு. தடயங்கள் கையில் எடுத்துப் பார்க்கும் காகிதங்களாகவே வந்தன: கடிதங்கள், செய்தித்தாள் துணுக்குகள், வெட்டி ஒட்டினால் ஒரு மதுக்கூடத்தின் தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டியை மேசையில் வைத்தால் போதும். யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள். தலைகள் எல்லாம் அதன் மேல் கவிழும், வாதம் தொடங்கும், நடத்துபவர் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கலாம்.

துப்பறியும் சாகசத்துக்கு ஒரு பிறவிக்கோளாறு உண்டு. பகடை சரியாக விழாமல் ஒரு தடயம் தப்பிப்போனால் கதை அங்கேயே நின்றுவிடும். இதற்கு இரண்டு விடைகள் 2000களில் வந்தன. ராபின் லாஸ் தம் 'கம்ஷூ' விதிமுறையில், சரியான இடத்தில் சரியான திறமையோடு தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடை வேண்டாம் என்றார். தடயத்தை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருகிறீர்கள் என்பதுதான் சுவை. ஜஸ்டின் அலெக்சாண்டர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்: நீங்கள் எதை அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அதற்குக் குறைந்தது மூன்று தடயம் வையுங்கள். ஒன்றைத் தவறவிடுவார்கள், ஒன்றைக் கவனிக்க மாட்டார்கள், மூன்றாவதையும் தப்பாகப் புரிந்துகொண்டு எப்படியோ விடைக்கு வந்துசேர்வார்கள். நான் நடத்தும் எந்த ஆட்டத்திலும் இதை மீறுவதில்லை.

இனி பக்க வடிவமைப்பு. இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சமாதானமே கிடையாது. 2009-ல் ஒற்றைப் பக்க நிலவறைப் போட்டி தொடங்கியது. வரைபடம், அறைகள், ஆட்கள் எல்லாம் ஒரே தாளில் அடங்க வேண்டும். அதே ஆண்டு மைக்கேல் கர்டிஸ் 'ஸ்டோன்ஹெல்' என்ற மாபெரும் நிலவறையை இந்த முறையில் துண்டு துண்டாகப் பிரித்து அமைத்தார். வரைபடம் பக்கத்திலேயே இருக்கும். அறைக்கு ஓரிரு வரி. பிறகு கேவின் நார்மனின் 'ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' சாகசங்கள் வந்தன. அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது தடித்த எழுத்தில் ஒரு சொல். அடுத்து அதைப் பற்றி மூன்று நான்கு சொற்கள். கல்மேடை: ஈரமாக இருக்கிறது. அதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் என்ன என்பது அதற்குக் கீழே. எதிரே யாராவது நின்றால் அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று சுருக்கமாக. ஆடுகிறவர் உள்ளே வந்து, பார்த்து, கிட்டப்போய், தொடும் அதே வரிசையில் கண் பக்கத்தில் இறங்குகிறது. இந்த எழுத்தைச் சுவையற்றது என்று சொல்பவர்கள் உண்டு. என் மாளிகைக் கூடத்தில் காவலர்களை முதல் வரியில் தந்திருப்பார் நார்மன். சுவையை நானும் நண்பர்களும் பார்த்துக்கொண்டிருப்போம்.

சொற்சிக்கனம் என்றால் கற்பனை வறட்சி இல்லை என்பதற்கு 2014-ல் வந்த 'டீப் கார்பன் அப்சர்வேட்டரி' சாட்சி. பேட்ரிக் ஸ்டூவர்ட் எழுத்து, ஸ்க்ராப் பிரின்சஸ் ஓவியம். அணை உடைந்து பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளம். சாகசம் தொடங்கும்போதே பல இடங்களில் ஒரே நேரத்தில் ஆட்கள் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம் இருப்பவரை இழப்பீர்கள். இதை ஒரு கிளைப்படமாக வரைந்திருக்கிறார்கள். யாரைத் தேர்ந்தீர்களோ அதன்படி அடுத்த காட்சி. வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு உண்மையானது என்று தெரியும். முதல் பதிப்பை மேசையில் பயன்படுத்தச் சிரமமாக இருந்தது. 2020-ல் அமைப்பை மாற்றி மறுபதிப்பு கொண்டுவந்தார்கள். தன் படைப்பை இன்னொருவர் கைக்கு ஏற்றபடி திருத்த மறுபடி உட்காரும் எழுத்தாளரை நான் வணங்குகிறேன்.

யார் எழுதுகிறார்கள் என்பதும் வடிவத்தை மாற்றுகிறது. மலேசியாவின் ஸெடெக் சியூவும் முன் காவும் 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்று சிறு பிரசுரங்கள் கொண்டுவந்தார்கள். முதலைகள் ஆளும் ஆற்று நாடு, பூனைகளைப் போற்றும் காட்டூர். எந்த விளையாட்டின் விதி எண்களும் அவற்றில் இல்லை. சந்தையில் என்ன விற்கிறார்கள், விருந்தினரை எப்படி வரவேற்கிறார்கள் என்பவைதான் இருக்கின்றன. எதிரியின் பலத்தை எண்ணாமல் அவர் வீட்டு வழக்கத்தைச் சொன்னால், ஆடுகிறவர்களுக்கு வாளை உருவுவதற்கு முன் கை கூப்பத் தோன்றுகிறது.

2022-ல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் வெளியிட்ட 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில் 13 சாகசங்கள். மிமி மண்டல் எழுதியதில் வங்காளத்தின் ஆறுகளும் மூடுபனியும் வருகின்றன. தொகுப்பை முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர் அஜித் ஜார்ஜ். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக அவர் தந்தை நிறுவிய சாந்தி பவன் பள்ளியோடு நெருங்கிய தொடர்புடையவர். இந்தத் தொகுப்பின் ஒரு சிறு ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்: பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று குறிப்பு கொடுத்திருக்கிறார்கள். அறியாத பெயரைக் கண்டு நடத்துபவரின் நாக்கு தடுமாறினால் அந்த ஊர் மேசையில் வேடிக்கையாகிவிடும். அந்த அவமரியாதையை முன்கூட்டியே ஒரு வரியில் தடுத்திருக்கிறார்கள்.

கடைசியாக, என் பையில் இருப்பதைக் காட்டுகிறேன். 'மதர்ஷிப்' என்ற விண்வெளித் திகில் விளையாட்டுக்கு வந்த சாகசம் இது. பெயர் 'தி ஹான்டிங் ஆஃப் இப்சிலன் 14'. மருந்தோடு வரும் காகிதத்தைப் போல மூன்றாக மடித்த ஒரே தாள். விரித்தால் விண்கல் ஒன்றில் இருக்கும் சுரங்க நிலையம்: யார் யார் வேலை செய்கிறார்கள், எந்தக் கதவு எங்கே போகிறது, உள்ளே நுழைந்துவிட்ட அது என்ன. தொழிலாளர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். யார் பயந்து யாரை விட்டு ஓடுவார்கள் என்பது இதில் இல்லை.

இதைப் படிக்கக் கால் மணி நேரம் போதும். தேநீருக்குப் பிறகு பின்பக்கம் இருக்கும் நீள மேசையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். பகடைகள் கொண்டுவந்திருக்கிறேன், பென்சில் சீவி வைத்திருக்கிறேன். இதுவரை ஆடியே இராத நான்கு பேர் வந்தால் தொடங்கிவிடலாம்.